சீனச் சந்தையும் இணையக் கடையும்: தகவமைப்புப் பற்றிய சில குறிப்புகள்

ஒரு நாட்டில் நடைபெற்றுவரும் இணையக் கடையொன்றைப் பிறிதொரு நாட்டு மக்களின் பயன்பாட்டுக்கேற்ப மாற்றியமைக்கும் முயற்சி, பெரும்பாலும் மொழிபெயர்ப்பு வேலையாகவே கருதப்பட்டு வருகின்றது. பொருள்களின் பெயரையும் விவரணத்தையும் அந்நாட்டு மொழியில் எழுதி, நாணயக் குறியீட்டை மாற்றி, பண்டிகைக் காலத்துக்கு உகந்த நிறத்தைப் பக்கத்துக்குப் பூசிவிட்டால் கடை அந்நாட்டுக் கடையாகிவிடும் என்னும் எண்ணமே இக்கருத்துக்கு அடிப்படையாகும். சீனாவிலே கடை விரித்த பெரும் மேலைநாட்டுக் கம்பனிகள் சிலவற்றின் வரலாறு இவ்வெண்ணத்தை மறுக்கின்றது. அவற்றிடம் மொழிபெயர்ப்பாளர் இல்லாமலில்லை; மூலதனமும் தொழில்நுட்பமும் மிகுதியாகவே இருந்தன. ஆயினும் ஈபே 2006ஆம் ஆண்டு டிசெம்பரில் தனது சீனத் தளத்தை மூடித் துணைப் பங்காளியாக ஒதுங்கியது. 2004இல் சீனக் கம்பனியொன்றை விலைக்கு வாங்கிக் களத்திலிறங்கிய அமேசன், 2019ஆம் ஆண்டு ஜூலையில் தனது உள்நாட்டுச் சந்தையை நிறுத்திக்கொண்டது.

கடை என்பது பண்டமும் பணமும் கைமாறும் இடம் மாத்திரமன்று. வாங்குவோருக்கும் விற்போருக்குமிடையே நிலவும் சமூக உறவொன்றின் வடிவமுமாகும். இணையக் கடையின் பக்கத்திற் காணப்படும் ஒவ்வொரு கட்டமும் ஒவ்வொரு பொத்தானும் அவ்வுறவு பற்றிய ஓர் எடுகோளைத் தன்னுட் கொண்டுள்ளது. உதாரணமாக, கடனட்டை எண்ணைக் கேட்கும் கட்டம், கடனட்டை வழங்கும் வங்கி, தனியாரின் கடன் பற்றிய பதிவு, ஏமாற்றப்பட்டவர் பணத்தை மீளப்பெறும் வழி ஆகிய யாவும் முன்னரே உள்ளன என எடுத்துக்கொள்கின்றது. இவை இல்லாத சமூகத்தில் அக்கட்டத்தை எத்துணைத் தூய சீனத்தில் மொழிபெயர்த்தாலும் அது வெறுங்கட்டமே. ஆகவே தகவமைப்பு என்பது சொற்களை மாற்றுவதன்று, எடுகோள்களை மாற்றுவதாகும். அவ்வாறாயின் இன்னொரு வினாவும் எழுகின்றது. அவை யாருடைய தேவைக்கேற்ப மாற்றப்படுகின்றன? சீன நுகர்வோருக்காகவா, நுகர்வோரைத் தன்வசப்படுத்தி வைத்திருக்கும் பெருஞ் சந்தைத்தளங்களுக்காகவா, அன்றி அரசுக்காகவா? இக்கட்டுரை இவ்விரு வினாக்களையும் ஒருங்கே நோக்க முனைகின்றது.

ஈபேயின் அனுபவம் இவ்வகையில் விரிவாக நோக்கற்பாலது. ஹாவார்ட் வணிகக் கல்லூரியிற் கற்றுத் திரும்பிய ஷாவோ யிபோ, தான் ஹாய்யின் ஆகிய இருவரும் 1999இல் ஷங்காய் நகரில் ஈச்நெற் என்னும் ஏல விற்பனைத் தளத்தை ஆரம்பித்தனர். அமெரிக்காவில் ஈபே கண்ட வெற்றியே அதற்கு முன்மாதிரியாகும். 2002இல் ஈபே 3 கோடி டொலரைச் செலுத்தி ஈச்நெற்றின் மூன்றிலொரு பங்கைப் பெற்றது. 2003இல் ஏறத்தாழ 15 கோடி டொலருக்கு எஞ்சியதையும் வாங்கிற்று. அவ்வேளையில் சீனாவின் இணைய ஏலச் சந்தையில் ஈச்நெற்றுக்கு நிகரான போட்டியாளர் எவருமிலர்.

அதே ஆண்டு மே மாதம் 10ஆந் திகதி, சார்ஸ் நோய் பரவி மக்கள் வெளியே நடமாட அஞ்சியிருந்த காலத்தில், ஹாங்சோ நகரிலிருந்த அலிபாபா நிறுவனம் தாவோபாவ் என்னும் தளத்தைத் தொடக்கியது. புதையல் தேடுதல் என்பது அப்பெயரின் பொருள். (அதன் ஊழியர் ஜின் யொங்கின் வீரசாகச நாவல்களில் வரும் பாத்திரங்களின் பெயர்களைத் தமக்குப் புனைபெயர்களாகச் சூட்டிக்கொண்டனர், கம்பனியின் படிநிலையை இது மறைத்ததேயன்றி மாற்றவில்லை.) மூன்றே ஆண்டுகளில் இப்புதிய தளம் ஈபேயைப் பின்தள்ளிவிட்டது.

இதற்குக் கூறப்படும் முதற் காரணம் கட்டணமாகும். ஈபே பொருளைப் பட்டியலிடுவதற்கும் விற்பதற்கும் கட்டணம் அறவிட்டது. தாவோபாவ் இரண்டுக்கும் அறவிடவில்லை. 2005இல் தாவோபாவ் தனது இலவசச் சேவையை மேலும் மூன்றாண்டுகளுக்கு நீடிப்பதாக அறிவித்தபோது, இலவசம் என்பது வணிக முறையாகாது என ஈபே பதிலறிக்கை விடுத்தது. கணக்கியல் நோக்கில் அக்கூற்றிற் பிழையில்லை. ஆனால் கட்டணம் அறவிடும் தளம், விற்போரும் வாங்குவோரும் தனக்குத் தெரியாமல் நேரே பேசி விலை முடித்துவிடுவர் என்று அஞ்ச வேண்டியுள்ளது. எனவே ஈபேயின் பக்க அமைப்பு அவ்விருவரையும் விற்பனை முடியும் வரை பிரித்தே வைத்தது. கட்டணமற்ற தாவோபாவுக்கு அவ்வச்சமில்லை. வாங்குபவர் விற்பவருடன் உடனுக்குடன் எழுத்தில் உரையாடுவதற்கான வசதியை அது பக்கத்திலேயே அமைத்துக் கொடுத்தது. பொருளின் தரத்தை வினவுதல், விலையைக் குறைக்குமாறு கேட்டல், எப்போது அனுப்புவீர் என்று உறுதிபெறுதல் ஆகியன யாவும் வாங்குவதற்கு முன்னரே நிகழ்ந்தன. கட்டணக் கொள்கை என்பது வெறும் விலை பற்றிய முடிவன்று. பக்கத்தின் வடிவத்தையே தீர்மானித்த காரணி அது என்பது இங்கு அவதானிக்கத்தக்கது.

இரண்டாவதும் எமது கருத்தில் முதன்மையானதுமான காரணம் நம்பிக்கை பற்றியது. முன்பின் அறியாத, வேற்று மாகாணத்தில் வாழும் ஒருவருக்கு முதலிற் பணத்தை அனுப்புவது யார், முதலிற் பொருளை அனுப்புவது யார் என்பதே எந்த இணைய வர்த்தகத்துக்கும் அடிப்படைச் சிக்கலாகும். மேலைநாடுகளில் கடனட்டை நிறுவனமும் நீதிமன்றமும் இச்சிக்கலைப் பின்னணியிலிருந்து தீர்த்து வைத்தன. சீனாவில் அக்காலத்திற் கடனட்டை வைத்திருந்தோர் மிகச் சிலரே. நகர்ப்புறத்தில் நேரிற் சந்தித்துப் பணமும் பொருளும் மாற்றிக்கொண்டனர். தொலைவிலுள்ளோர் வங்கி முகப்பில் வரிசையில் நின்று பணம் அனுப்பிவிட்டுப் பொருள் வருமா என்று காத்திருந்தனர்.

2003ஆம் ஆண்டு ஒக்ரோபரில் தாவோபாவ் அறிமுகப்படுத்திய அலிபே முறை இதற்கு விடையாக அமைந்தது. வாங்குபவர் பணத்தை விற்பவருக்கு அனுப்பாது இடையிலுள்ள தளத்திடம் ஒப்படைப்பார். பணம் வந்துசேர்ந்தமை விற்பவருக்கு அறிவிக்கப்படும். அவர் பொருளை அனுப்புவார். பொருளைப் பிரித்துப் பார்த்து வாங்குபவர் உறுதிப்படுத்திய பின்னரே பணம் விற்பவர் கைக்குச் செல்லும். இம்முறையின் முதல் விற்பனை யப்பானிலிருந்த ஒருவருக்கும் சீஆன் நகர மாணவர் ஒருவருக்குமிடையே 750 யுவான் விலைக்கு நிகழ்ந்தது. விற்கப்பட்டது பழைய புகைப்படக் கருவியொன்று. தொழில்நுட்ப நோக்கில் இதிற் புதுமை யாதுமில்லை. இருவருக்கும் பொதுவான ஒருவரிடம் பணத்தை வைத்து வியாபாரம் பேசும் தரகு முறை பண்டைக்காலத்ததே. எனினும் கணினியில் அதனை நிறுவியமை, சமூகத்தில் இல்லாதிருந்த ஒரு நிறுவனத்தை அந்நிறுவனம் தோன்றும் வரை காத்திராது தானே ஆக்கிக்கொண்டதற்கு ஒப்பாகும். ஈபேயும் பின்னர் இத்தகைய ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. எனினும் அதற்குள் பழக்கம் மற்றப் பக்கம் வேரூன்றிவிட்டது.

மூன்றாவது காரணம் அதிகாரம் எங்கே இருந்தது என்பதாகும். 2004இல் ஈபே, ஈச்நெற்றைத் தனது உலகப் பொதுத் தளத்துடன் இணைத்து அமெரிக்காவிலுள்ள வழங்கிக் கணினிகளுக்கு மாற்றியது. இதனாற் சீன வாடிக்கையாளர் பக்கத்தைத் திறப்பதற்குப் பசிபிக் சமுத்திரத்தைக் கடந்து சென்று மீள வேண்டியதாயிற்று; எல்லையிலுள்ள தணிக்கைக் கருவிகள் பயணத்தை மேலும் தாமதப்படுத்தின. பழகிய பக்கங்கள் மறைந்து அமெரிக்கப் பக்கங்களின் சீனப் பிரதிகள் தோன்றின. ஷங்காயிலிருந்தோர் சிறு மாற்றத்தைச் செய்யவும் கலிபோர்ணியாவின் ஒப்புதலை வேண்டி நிற்க நேர்ந்தது. 2005இல் மேலும் 10 கோடி டொலரைச் சீனாவில் ஈடுபடுத்துவதாக ஈபே அறிவித்தபோதிலும் நிலைமை சீரடையவில்லை. ஈற்றில் டொம் ஒன்லைன் என்னும் கம்பனிக்கு 51 வீதத்தைக் கொடுத்துத் தான் 49 வீதத்துடன் அமைந்தது.

இவ்வரலாற்றை உள்நாட்டு மூலதனம் அந்நிய மூலதனத்தை வென்ற தேசியக் கதையாகக் கூறுவோருளர். அது முழு உண்மையன்று. அலிபாபாவில் யப்பானியச் சொப்ட்பாங்க் நிறுவனம் 2000ஆம் ஆண்டிலேயே முதலிட்டிருந்தது. 2005இல் அமெரிக்க யாகூ நிறுவனம் 100 கோடி டொலரையும் தனது சீனக் கிளையையும் கொடுத்து ஏறத்தாழ 40 வீதப் பங்கைப் பெற்றது. ஆக, போட்டி இரு மூலதனங்களுக்கிடையிலானதே. வேறுபாடு யாதெனின், ஒன்று தனது எடுகோள்களை மாற்றிக்கொள்ள ஆயத்தமாயிருந்தது. மற்றது தனது எடுகோள்களை உலகப் பொதுமை எனக் கருதியது.

இனி, மொழியினுள் உறைந்திருக்கும் எடுகோள்களுக்கு வருவோம். தமிழ் எழுத்தைக் கணினியில் ஏற்றுவதற்குப் பட்ட பாட்டை அறிந்தோர்க்கு இப்பகுதி தனிச் சுவை தருவதாகும். சீனப் பெருநிலத்தில் 1956ஆம் ஆண்டுத் திட்டத்தையொட்டி எளிமைப்படுத்தப்பட்ட எழுத்துக்களே வழங்குகின்றன. ஹொங்கொங்கிலும் தாய்வானிலும் மரபெழுத்துக்கள் வழங்குகின்றன. ஒன்றை மற்றதாக மாற்றுவது இயந்திரத்தாற் பெருமளவு இயலுமெனினும் சொல்வழக்குகள் வேறுபடுவதாற் பக்கம் அயலதாகவே ஒலிக்கும். 1980இல் வெளியிடப்பட்ட முதற் கணினி எழுத்துத் தரத்தில் 6,763 சீன எழுத்துக்களே இடம்பெற்றன. 1998 முதல் 2003 வரை பிரதமராயிருந்த சூ றொங்ஜியின் பெயரிலுள்ள நடு எழுத்து அத்தொகுதியில் இருக்கவில்லை. அதனால் அதன் இரு பாகங்களையும் அருகருகே வைத்து அச்சிடும் நிலை ஏற்பட்டது. பிரதமரின் பெயருக்கே இக்கதியெனின், அரிய எழுத்தைப் பெயரிற் கொண்ட சாதாரண வாடிக்கையாளர் பதிவுப் பக்கத்தில் தம் பெயரை எழுத முடியாது திகைத்தமை வியப்பன்று. 2000ஆம் ஆண்டின் விரிந்த தரம் இக்குறையைப் பெரிதும் நீக்கியது. ஆயினும் பழைய தொகுதியை மட்டும் அறிந்த கடை இன்றும் சிலரைப் பெயரில்லாதவராக்கிவிடும்.

சீனத்திற் சொற்களுக்கிடையே இடைவெளி விடும் வழக்கமில்லை. எனவே கடையில் உள்ள தேடற் பெட்டி, எழுத்துத் தொடரை எவ்விடத்திற் பிரிப்பது என்பதைத் தானே முடிவுசெய்ய வேண்டும். மொழியியலாளர் அடிக்கடி எடுத்துக்காட்டும் ஒரு தொடரை ஒருவகையிற் பிரித்தால் ‘மேசைப்பந்து மட்டைகள் விற்று முடிந்தன’ என்றும், ஓரெழுத்துத் தள்ளிப் பிரித்தால் ‘மேசைப்பந்துகள் ஏலத்தில் விடப்பட்டு முடிந்தன’ என்றும் பொருள்படும். சந்தி பிரித்துப் பொருள்கொள்ளும் பயிற்சியுடைய எமக்கு இது புதிதன்று. ஆனால் இடைவெளியைச் சொல்லெல்லையாகக் கொண்டு இயற்றப்பட்ட தேடற்பொறியைக் கொண்டுவந்து வைக்கும் வணிகர், மட்டை தேடி வந்தவருக்குப் பந்தைக் காட்டுவர்.

எண்களிலும் பொறிகள் உள. பதினாயிரமே சீனர் எண்ணும் பேரலகு. இலட்சமும் கோடியும் கொண்டு எண்ணும் நாம், மும்மூன்றாகப் புள்ளியிடும் ஐரோப்பிய முறை எல்லார்க்கும் இயல்பானதன்று என்பதை எளிதில் உணர்வோம். விலைக்கழிவைக் குறிக்கும் முறை இதனினும் ஆபத்தானது. மேலைநாட்டுக் கடை 20 வீதம் கழிவு என்று அறிவிக்கும். சீனக் கடையோ ‘எட்டு செ’ என்னும். பத்தில் எட்டுப் பங்கைச் செலுத்துக என்பதே அதன் பொருள். கழிக்கப்படும் பகுதியைக் கூறாது செலுத்தப்படும் பகுதியைக் கூறும் இம்முறையை அறியாத மொழிபெயர்ப்பாளர் 20 வீதக் கழிவை ‘இரண்டு செ’ என எழுதிவிட்டால், கடைக்காரர் ஐந்திலொரு பங்கு விலைக்குப் பொருளைக் கொடுக்க வேண்டி நேரும்!

எண்ணுக்கு ஒலி வழியாகவும் பொருளுண்டு. நான்கு என்னும் எண் சாவை நினைவூட்டுவதால் தவிர்க்கப்படுகின்றது. அலிபாபாவின் உள்நாட்டு மொத்த விற்பனைத் தளத்தின் முகவரி 1688 என்பதாகும். அவ்வெண்களை உச்சரித்தால் அலிபாபா என்பதையொத்த ஒலி பிறக்கும். உரோம எழுத்துக்களாலான முகவரியிலும் எண்ணாலான முகவரியே பலர்க்கு எளிதாயிருந்தமையால் இவ்வழக்கம் பெருகிற்று. வாடிக்கையாளரை அடையாளங் காண மின்னஞ்சல் முகவரியைக் கேட்கும் மேலைநாட்டு வழக்கமும் இங்கே பொருந்துவதில்லை. சீனாவிற் பெரும்பாலோர் கணினியைத் தாண்டிக் கைத்தொலைபேசி வழியே இணையத்துக்கு வந்தோராதலின், தொலைபேசி எண்ணும் அதற்கு அனுப்பப்படும் குறியெண்ணுமே கடையின் வாயிற் கதவாகும். முகவரி எழுதும் முறையும் தலைகீழானது. மாகாணம், நகரம், வட்டாரம், வீதி, இலக்கம் எனப் பெரியதிலிருந்து சிறியதற்குச் செல்வர். குடும்பப் பெயர் முன்னும் இயற்பெயர் பின்னும் வரும். வீட்டிலக்கத்தை முதலிற் கேட்கும் படிவம் சீனருக்கு வாலிலிருந்து தொடங்குவதாகத் தோன்றும்.

விளிச்சொல்லிலும் ஓர் அரிய மாற்றம் நிகழ்ந்துள்ளது. பழைய அரசுக் கடைகளின் சிப்பந்திகள் வாடிக்கையாளரைத் தோழர் என விளித்தனர். மேலைநாட்டுக் கடையைப் பின்பற்றுவோர் ‘நின்’ என்னும் மரியாதைப் பன்மையொத்த முன்னிலைச் சொல்லை ஆள்வர். தாவோபாவின் சிறு விற்பனையாளரோ ‘சின்’ என்றனர்; அன்புக்குரிய என்பதன் குறுக்கமாகிய அச்சொல், முகமறியாத வாடிக்கையாளரை உறவினராக்கும் விளியாயிற்று. அந்நியரை முறைப்பெயரால் அழைத்துப் பழகிய சமூகத்தவராகிய நாம் இதன் பயனை அறிவோம். ஆனால் வணிக உறவு தோழமையிலிருந்து போலி உறவுமுறைக்கு இறங்கிய வரலாறும் இச்சிறு சொல்லில் அடங்கியுள்ளது என்பதை மறத்தலாகாது.

சீன இணையக் கடைகளின் பக்கங்கள் நெருக்கமாகவும் ஆரவாரமாகவும் இருப்பதைச் சுட்டி, சீனர் இயல்பாகவே சந்தடியை விரும்புவோர் என எழுதுவோர் பலர். இத்தகைய இனவியல்புக் கூற்றுகளை நாம் ஐயத்துடனேயே நோக்க வேண்டும். சீன எழுத்து குறைந்த இடத்தில் மிகுந்த பொருளை அடக்குவது. விசைப்பலகையிற் சீனத்தைத் தட்டெழுதுவது தொடக்கத்திற் கடினமாயிருந்தமையால், தேடி எழுதுவதினும் கண்முன் உள்ளதை அழுத்துவது எளிதாயிருந்தது. அப்பிள் நிறுவனத்தின் வெறிச்சோடிய பக்கத்திற் சீனர் வாங்காமலில்லை. பக்கத்தின் நெருக்கம் தேசிய குணமன்று. சிறு விற்பனையாளர் பல்லாயிரவர் ஒரே முற்றத்தில் இடம்பிடிக்கப் போட்டியிடுவதன் தோற்றமே அது.

இதுவரை கூறியவை நுகர்வோரை நோக்கிய தகவமைப்பாகும். அரசை நோக்கிய தகவமைப்பு இதனிலும் கடுமையானது. 2000ஆம் ஆண்டு செப்தெம்பரில் சீன அரசவை வெளியிட்ட இணையத் தகவற் சேவை விதிகளின்படி, சீனப் பெருநிலத்திலுள்ள வழங்கியில் அமையும் எந்தத் தளமும் அரசிடம் பதிவு செய்தல் வேண்டும். வணிக நோக்குடைய தகவற் சேவைக்கு மேலதிக அனுமதிப்பத்திரம் தேவை. பதிவெண் பக்கத்தின் அடியிற் காட்டப்படும். சீனாவிற் சட்டப்படி நிறுவப்பட்ட அமைப்பொன்று இல்லாத வெளிநாட்டுக் கடைக்காரருக்கு இது எளிதிற் கிடைப்பதன்று. ஆதலாற் பலர் பதிவு வேண்டாத ஹொங்கொங்கில் வழங்கியை அமைக்கின்றனர். அவ்வாறு செய்யுங்கால் பக்கம் எல்லைத் தணிக்கையைக் கடந்து வரவேண்டும். பக்கத்தில் யூடியூப் காணொளியோ பேஸ்புக் பொத்தானோ ஒட்டப்பட்டிருப்பின் சீனாவில் அவை திறவா. அவற்றுக்காகக் காத்திருந்தே பக்கம் முழுவதும் முடங்கிவிடும். கடைக்காரர் தமது நாட்டிலிருந்து பார்க்கும்போது இக்குறை அவர் கண்ணுக்குத் தெரியாது.

சட்டங்கள் யாவும் கட்டுப்பாடுகளே என்று கூறுதல் நேர்மையாகாது. திருத்தப்பட்ட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2014ஆம் ஆண்டு மார்ச் 15 முதல், இணையத்தில் வாங்கிய பொருளை, சில விலக்குகள் நீங்கலாக, ஏழு நாட்களுக்குள் காரணங் கூறாது திருப்பிக்கொடுக்கும் உரிமையை வழங்கிற்று. 2019 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த மின்வணிகச் சட்டம் விற்பனையாளரின் பதிவையும் தளங்களின் பொறுப்பையும் வரையறுத்தது. 2021 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தனிநபர் தகவற் பாதுகாப்புச் சட்டம், சீனாவிலுள்ளோர்க்குப் பொருள் விற்கும் வெளிநாட்டுத் தளங்களையும் தன் வரம்புக்குட் கொண்டது. நுகர்வோர் இவற்றாற் பெற்ற பாதுகாப்பு மெய்யானதே.

ஆனால் கடையின் ஒரு மூலையில், எவரும் கவனியாத இடத்தில், அரசியல் அமர்ந்திருக்கின்றது. அது நாட்டின் பெயரைத் தெரிவு செய்யும் பட்டியல். 2018 ஜனவரியில் மரியட் ஹோட்டல் நிறுவனம் தனது வாடிக்கையாளருக்கு அனுப்பிய வினாக்கொத்தில் திபெத், ஹொங்கொங், மக்காவோ, தாய்வான் ஆகியவற்றைத் தனி நாடுகளாக நிரற்படுத்தியிருந்தது. அதன் சீனத் தளமும் செயலியும் ஒரு வாரத்துக்கு மூடப்பட்டன. அதே மாதத்தில் ஆடை விற்கும் சாரா நிறுவனமும் தனது இணையத்தளத்திற் தாய்வானை நாடாகக் காட்டியமைக்காகக் கண்டிக்கப்பட்டது. அதன்பின் உலகின் எத்தனையோ கடைகளின் படிவங்களில் ‘நாடு’ என்றிருந்த சொல் ‘நாடு அல்லது பிராந்தியம்’ என மாறிற்று. சீனாவிலிருந்து வாங்குவோர் மட்டுமன்றி எங்கிருந்து வாங்குவோரும் இன்று அச்சொல்லையே காண்கின்றனர். தகவமைப்பு ஒருவழிப் பாதையன்று.

2021 மார்ச்சில் நிகழ்ந்தது இதனினும் கூர்மையானது. சிஞ்சியாங் பருத்தி உற்பத்தியிற் கட்டாய உழைப்பு உண்டென்ற குற்றச்சாட்டுகள் குறித்துக் கவலை தெரிவித்து எச் அன்ட் எம் நிறுவனம் முன்னர் வெளியிட்ட அறிக்கையொன்று மீள எடுத்துப் பரப்பப்பட்டது. சில நாட்களுக்குள் அதன் பொருள்கள் சீனாவின் பெருஞ் சந்தைத்தளங்களிலிருந்து அகற்றப்பட்டன. வரைபடச் செயலிகளில் அதன் கடைகள் இருந்த இடங்களும் மறைந்தன. எழுத்து, எண், முகவரி, பணஞ்செலுத்தும் முறை ஆகியவற்றில் எக்குறையுமின்றித் தகவமைக்கப்பட்ட கடையொன்று, உழைப்பாளர் பற்றிய ஒரு பந்தியால் காணாமற் போயிற்று. சீனாவில் விற்க விழையும் கம்பனி தனது பொருளை உற்பத்தி செய்வோர் பற்றி ஐரோப்பிய வாடிக்கையாளருக்கு ஒன்றும் சீன வாடிக்கையாளருக்குப் பிறிதொன்றும் கூறலாமா என்பது மொழிபெயர்ப்பாளர் தீர்க்கக்கூடிய வினாவன்று.

இத்தடைகளையெல்லாம் தனித்து நின்று எதிர்கொள்ள இயலாத வணிகர், பெருஞ் சந்தைத்தளத்தினுள் ஓர் அறையை வாடகைக்கு எடுப்பதே வழக்கமாயிற்று. 2014இல் அலிபாபா, சீனாவிற் பதிவில்லாத வெளிநாட்டுக் கடைகளுக்கென ஒரு தனிப்பிரிவை ஆரம்பித்தது. எல்லை கடந்த இணைய வர்த்தகத்துக்குச் சலுகை வரியும் விதிக்கப்பட்டது. 2019 முதல் ஒருவர் ஒரு தடவையில் 5,000 யுவானுக்கும் ஆண்டில் 26,000 யுவானுக்கும் உட்பட்டு இவ்வழியில் வாங்கலாம். இதற்கு வாங்குபவர் தமது அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுக்க வேண்டும். ஐரோப்பியக் கடையின் படிவத்தில் அத்தகைய கட்டமே இராது. 2017 ஜனவரியில் வீசாட் செயலி தனக்குள்ளேயே இயங்கும் சிறு செயலிகளை அனுமதித்த பின்னர், தனித் தளமே வேண்டாம் என்ற நிலையும் உருவாயிற்று.

ஆயின் வாடகை வீட்டுக்கு உரிமையாளர் உண்டு. கட்டணமின்மையால் வென்ற நிறுவனமே, தேடலில் முன்னிடம் பெறுவதற்கான விளம்பரமாகவும் தரகாகவும் கட்டணத்தைப் பின்கதவால் அறவிட்டது. தன்னிடம் விற்போர் போட்டித் தளங்களில் விற்கலாகாது என்று நெருக்கிய குற்றத்துக்காக 2021 ஏப்ரலிற் சீன அரசு அலிபாபாவுக்கு 1,822 கோடி யுவான் தண்டம் விதித்தது. அது 2019ஆம் ஆண்டின் உள்நாட்டு விற்பனை வருமானத்தில் 4 வீதமாகும். இலவசம் வணிக முறையாகாது என்று ஈபே கூறியது இவ்வகையில் உண்மையாயிற்று என்றே கொள்ளலாம். இலவசம் ஏகபோகத்தின் முதற்கட்டமாயிருந்தது. இந்நிறுவனமே 2018இல் இலங்கையிலும் இயங்கும் டராஸ் தளத்தை வாங்கியமையால், இவ்வரலாறு எமக்கு வேற்று நாட்டுச் செய்தி மாத்திரமன்று.

கடைப்பக்கத்தில் மிகச் சிறிய எழுத்திற் காணப்படும் ஒரு தொடரை இறுதியாக நோக்குவோம். ‘சியாங்சு, செஜியாங், ஷங்காய்: அனுப்புசெலவு இலவசம்’ என்பதே அது. சீனத்துக்குத் தகவமைக்கப்படும் எக்கடையும் இதற்கு ஒரு விடை கூற வேண்டியிருந்தது. ஏனெனின் அனுப்புசெலவைத் தனியே அறவிடும் கடையைச் சீன வாடிக்கையாளர் விலை கூடிய கடையாகவே கருதினர். இந்த இலவசத்தை இயலச்செய்தோர் பொதி சுமப்போர். சீனாவின் பெரும் பொதி விநியோகக் கம்பனிகளில் நான்கின் மூலம், செஜியாங் மாகாணத்தின் தொங்லு என்னும் மலைப்பாங்கான மாவட்டமாகும். வயலில் வருவாய் போதாது நகரத்துக்கு வந்த அம்மாவட்டத்தவரே தொடக்க காலத்திற் பைகளைச் சுமந்தனர். நாட்டில் 2010இல் 234 கோடியாயிருந்த பொதிகளின் தொகை 2014இல் ஏறத்தாழ 1,400 கோடியாகவும், 2023இல் 13,200 கோடியாகவும் உயர்ந்தது. பொதியொன்றுக்கு இவ்வளவு எனக் கூலி பெறுவோரின் ஓட்டமே பக்கத்தில் ‘இலவசம்’ என்னும் ஒரு சொல்லாகச் சுருங்கியுள்ளது.

அச்சிறு தொடரின் மறுபாதி சொல்லாதனவற்றைச் சொல்கின்றது. கிழக்குக் கரையின் மூன்று செல்வப் பகுதிகளைப் பெயர் கூறி அழைத்த கடைகள், சிஞ்சியாங், திபெத், உள்மொங்கோலியா ஆகியவற்றுக்கு மேலதிக செலவை அறவிட்டன, அன்றி அனுப்ப மறுத்தன. நாட்டுப் பட்டியலிற் பிரித்துக் காட்டக்கூடாதென்று வற்புறுத்தப்பட்ட நிலப்பரப்பைக் கட்டணப் பட்டியல் நெடுங்காலம் பிரித்தே காட்டியது. அண்மை ஆண்டுகளிற் சில தளங்கள் சீஆன் நகரிற் களஞ்சியங்களை அமைத்து, கிழக்கிலிருந்து வரும் பொதிகளை அங்கே ஒன்றுசேர்த்துச் சிஞ்சியாங்குக்குக் கட்டணமின்றி அனுப்பத் தொடங்கியுள்ளன. விற்பவர் சீஆன் வரையுள்ள செலவை மட்டும் ஏற்கின்றார். அதற்கப்பாலுள்ள தொலைவுக்கான செலவைத் தளம் பொறுப்பேற்கின்றது. பழைய புகைப்படக் கருவியொன்றுக்காகப் பணத்தை முன்பின் அறியாத ஓர் இடையாளிடம் ஒப்படைத்துவிட்டு மாணவர் ஒருவர் காத்திருந்ததும் அதே நகரில்தான்.